விஷத்தை டாக்டர்கள் கண்டுபிடிப்பது எப்படி?

1956-ஆம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி. விடியற்காலை 5 மணி 10 நிமிஷம். முதல் நாள் இரவு 10 மணிக்குப் பூனாவில் இருந்து புறப்பட்ட ரெயில், பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்துக்குள் வந்து நின்றது. (இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்தான் அது.) பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கினார்கள். ஒரு பெண்மணி மட்டும் எழுந்திருக்கவில்லை. நினைவு இன்றிக் கிடந்தார்.

அவருடன் வந்தவர் ஒரு டாக்டர். அவர் அந்தப் பெண்மணியை கோகுல்தாஸ் தேஜ்பால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ஜி.டி. ஆஸ்பத்திரி என்றால் மும்பைத் தமிழர்களுக்கு எளிதில் விளங்கும். நோயாளியின் பெயர் இந்துமதி என்று பதிவு செய்தார். ரெயிலில் திடீரென்று மயக்கம் வந்துவிட்டது என்றார்.

சிறுநீரில் சர்க்கரை இருந்தது. நீரிழிவினால் வந்த மயக்கம் என்று எண்ணி இன்சுலின் ஊசி போட்டார்கள். நினைவு திரும்பவில்லை. பகல் 11-30 மணிக்கு உயிர் பிரிந்தது.

இறந்தவர் பெயர் இந்துமதி அல்ல. அவர் லட்சுமிபாய் கார்வே. பூனாவில் வசதி படைத்த விதவை. உடன் வந்த டாக்டர் அனந்த் சிந்தாமன் லாகு, அந்தக் குடும்பத்துக்கு மிகவும் வேண்டியவராக இருந்தவர். பெயர் மாறிப்போனதால் உறவினர் யாரும் வரவில்லை. உரிமை கோராத பிரேதம் என்று அந்த உடல் கிடந்தது. பல நாட்கள் கழித்தே பிரேத பரிசோதனை நடந்தது.

இதற்கிடையே பூனாவில் உறவினர்களுக்கு லட்சுமிபாயின் பெயரில் கடிதங்கள் வந்தன. மறுமணம் செய்துகொண்டு வடக்கே போய்விட்டதாகவும், தன்னைத் தேட வேண்டாம் என்றும் அவற்றில் கண்டிருந்தது. செத்துப்போனவர் எழுதிய கடிதங்கள்! அவருடைய பங்குப் பத்திரங்களும் ரொக்கமும் ஒவ்வொன்றாக டாக்டரின் கைக்கு மாறிக்கொண்டிருந்தன.

குட்டு வெளிப்பட்டு வழக்கு வந்தது. ஆனால் ஒரு பெரிய முட்டுக்கட்டை. இறந்தவரின் குடல், ஈரல் முதலியவற்றை ரசாயனப் பரிசோதனை செய்ததில் எந்த விஷமும் தென்படவில்லை. விஷமே அகப்படாத விஷக் கொலை வழக்கு. கோர்ட்டு என்ன செய்தது என்பதைப் பார்ப்பதற்கு முன்பு, விஷத்தை மருத்துவ சாஸ்திரம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

எது விஷம்?

கடையில் விற்கும் பொருள்களில் விஷம் இன்னது, விஷம் அல்லாதது இன்னது என்று கோடு கிழிக்க முடியாது. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவர், எல்லாப் பொருளும் விஷமே, அளவுதான் வித்தியாசம் என்றார். நம் ஊரில் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பாட்டிமார் சொல்வதும் அதையேதான். காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரையே அளவு மீறினால் ஈரலை அழித்துவிடும்.

ஆகவே டாக்டர்கள் விஷங்களை அவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்பதைவிட, உடம்பில் புகுந்து என்ன செய்கின்றன என்று பார்த்தே இனம் பிரிக்கிறார்கள்.

சில விஷங்கள் தொட்ட இடத்தை வெந்து போகச் செய்யும். கக்கூஸ் கழுவும் ஆசிட், கந்தக திராவகம், காஸ்டிக் சோடா இந்த இனம். உதடு, நாக்கு, தொண்டை எல்லாம் வெந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்த இனம் வயிற்றையும் குடலையும் பிடுங்கி எடுப்பவை. வெள்ளைப் பாஷாணம், பாதரச உப்பு, ஈயம், குன்றிமணி, எருக்கம்பால் என்று பட்டியல் நீளும். பாம்பு விஷத்தையும் தேள் விஷத்தையும்கூட பழைய பாடப் புத்தகங்கள் இதே வரிசையில்தான் வைத்திருக்கின்றன.

மூன்றாவது இனம் மூளையையும் நரம்பையும் பற்றுவது. அபின், சாராயம், ஊமத்தை மூளையைத் தாக்கும். எட்டிக்கொட்டை முதுகுத் தண்டைத் தாக்கும். பூச்சி மருந்துகளில் பலவும் நரம்பு வழியாகவே உயிரை வாங்குகின்றன. அரளி இதயத்தைப் பிடிக்கும்.

மூச்சைக் கெடுக்கும் வாயுக்கள் தனி இனம். இதை மும்பைவாசிகள் கவனிக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரை எரியவிட்டுக் குளிக்கப் போனவர்கள் அப்படியே சாய்ந்து கிடந்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. கார்பன் மோனாக்சைடு என்ற வாயுதான் காரணம். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. இறந்தவரின் தோலில் தெரியும் செந்நிறத்தைக் கண்டே அனுபவசாலிகள் இன்ன விஷம் என்று சொல்லிவிடுவார்கள்.

வேஷம் போடும் விஷங்கள்

கஷ்டம் எங்கே என்றால், விஷம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஏதாவது ஒரு நோயின் வேஷத்தில் வருகிறது.

காலரா ஊரைச் சூறையாடிய காலத்தில் வெள்ளைப் பாஷாணம் கொடுத்துக் கொன்றவர்களுக்கு அந்த நோயே திரையாக இருந்தது. இரண்டிலும் வாந்தி, பேதி, கை கால் இழுப்பு, உடல் சில்லிடுதல் எல்லாம் உண்டு. ஆனால் காலராவில் பேதி முந்திக்கொள்ளும். வாந்தி பின்னால் வரும். பாஷாணத்தில் தொண்டை எரிச்சலும் வாந்தியும் முதலில் வரும். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத வைத்தியர் எத்தனை கொலைகளைக் காலரா கணக்கில் எழுதியிருப்பாரோ!

எட்டிக்கொட்டை விஷம் தனுர்வாதம் போலவே உடம்பை வில்லாக வளைக்கும். ஆனால் தனுர்வாதத்தில் தாடை முதலிலேயே கட்டிக்கொள்ளும். ஒரு வலிப்புக்கும் அடுத்த வலிப்புக்கும் நடுவிலும் உடம்பு விறைப்பாகவே இருக்கும். எட்டி விஷத்தில் நடுவில் உடம்பு தளர்ந்துவிடும்.

மயங்கிக் கிடப்பவரிடம் டாக்டர் முதலில் பார்ப்பது கண்மணியை. அபினும் அதன் இனத்து மருந்துகளும் கண்மணியைக் குண்டூசி முனை போலச் சுருக்கிவிடும். பூச்சி மருந்தும் சுருக்கும். ஆனால் கூடவே எச்சில் ஒழுகும், வேர்வை கொட்டும், நெஞ்சில் நீர் கோத்துக் களகளக்கும். ஊமத்தையில் எல்லாம் நேர்மாறு. கண்மணி அகல விரியும். வாய் உலர்ந்து பேச்சுக் குழறும். தோல் காய்ந்து சிவக்கும். நோயாளி விரல் நுனியில் இருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டிருப்பார். பார்ப்பவர்கள் பைத்தியம் என்பார்கள், அல்லது குடிவெறி என்பார்கள்.

மூக்கும் வேலை செய்ய வேண்டும். மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, பூண்டு வாடை, சாராய நெடி ஒவ்வொன்றும் ஒரு துப்பு. ஆனால் சாராய நெடி வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. 2015 ஜூன் மாதம் மலாடு மால்வணியில் கள்ளச் சாராயம் குடித்து 100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். இரண்டிலும் குற்றவாளி மெத்தனால். குடித்த சில மணி நேரம் சாதாரண போதை போலவே இருக்கும். அது உடம்பில் பார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் வயிற்று வலியும், கண் முன்னே வெண்பனி படர்ந்தாற்போன்ற பார்வைக் கோளாறும் வரும். குடித்தவன் தூங்கட்டும் என்று விட்டுவிடும் வீடுகளில் அந்த மணி நேரங்கள் வீணாகின்றன.

பூனைக் கண்ணில் ஒரு சொட்டு

வழிப்போக்கர்களுக்கு ஊமத்தை கொடுத்துக் கொள்ளையடிப்பது நம் நாட்டில் பழைய தொழில். விதை மிளகாய் விதையைப் போல இருக்கும். அதனால் சமையலில் கலந்தாலும் தெரியாது. மிளகாய் விதை மஞ்சளாகவும் காரமாகவும் இருக்கும் என்றும், ஊமத்தை விதை சற்றுப் பெரியது, பழுப்பு நிறம், கசப்பு என்றும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்திய மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்துவருகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்துக்கு அவ்வளவு தேவை இருந்திருக்காது.

சந்தேகத்தைத் தீர்க்க அந்தக் காலத்தில் ஒரு வேடிக்கையான பரிசோதனை இருந்தது. நோயாளியின் சிறுநீரில் ஒரு சொட்டை எடுத்துப் பூனையின் கண்ணில் விடுவார்கள். பூனையின் கண்மணி விரிந்தால் ஊமத்தை! கருவிகள் இல்லாத ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு இது பெரிய உதவி. பூனைக்கு மட்டும்தான் உபத்திரவம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஊமத்தையில் உள்ள சத்துகளில் ஒன்று அட்ரோபின். பூச்சி மருந்து குடித்தவரின் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும்போது, அந்த நீரை வற்றச் செய்ய டாக்டர்கள் ஊசி மூலம் ஏற்றுவதும் இதே அட்ரோபின்தான். கொள்ளைக்காரன் கையில் விஷமாக இருந்தது ஆஸ்பத்திரியில் உயிர் காக்கிறது.

இன்று ரெயில் கொள்ளையர் ஊமத்தையைத் தேடிப் போவதில்லை. தூக்க மாத்திரையைப் பிஸ்கட்டிலும் டீயிலும் கலக்கிறார்கள். ஊருக்குப் போகிற பயணி, சிநேகமாகப் பேசியவர் கொடுத்ததை வாங்கித் தின்றுவிட்டு, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி எங்கோ ஒரு ஊரில் பெட்டியும் பணமும் இல்லாமல் கண் விழிக்கிறார். கண் விழிக்காதவர்களும் உண்டு. இந்தக் குற்றத்துக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 328-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 123-வது பிரிவு. 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும்.

ரெயிலில் மயங்கிக் கிடப்பவரைக் குடிகாரன் என்று காலால் ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 139 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ரெயில்வே உதவி கிடைக்கும். அவர் தின்று மிச்சம் வைத்த பிஸ்கட்டையும் டீக் குவளையையும் ஜன்னல் வழியாக வீசாமல் இருப்பது அதைவிட முக்கியம். போலீசாருக்கும் டாக்டருக்கும் அவைதான் சாட்சி.

14 உயிர்கள், ஒரு சீசா

விஷம் கொடுக்க யாரும் எண்ணாத இடத்திலும் விஷம் வரும். 1986-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். வந்த நோய் அவர்களுக்கு வேறு வேறு. ஆனால் சாவு ஒரே மாதிரி வந்தது; சிறுநீரகம் நின்றுபோயிற்று. எல்லோருக்கும் பொதுவானது எது என்று டாக்டர்கள் பின்னோக்கிப் பார்த்தபோது கிளிசரின் அகப்பட்டது. மூளையிலும் கண்ணிலும் உள்ள அழுத்தத்தைக் குறைக்கக் கொடுத்த மருந்து அது. அதில் டை எத்திலீன் கிளைகால் என்ற விஷப் பொருள் கலந்திருந்தது. பார்வைக்கும் சுவைக்கும் கிளிசரின் போலவே இருக்கும். நீதிபதி லெண்டின் கமிஷன் இதை விசாரித்து, மருந்து வாங்குவதிலும் சோதிப்பதிலும் நடந்த ஊழல்களை வெளியே கொண்டுவந்தது. அதற்கு முன்பே சென்னையிலும் இதே பொருள் குழந்தைகள் பலரின் உயிரைக் குடித்திருந்தது. அந்தப் பாடம் அதற்குள் மறந்துபோயிருந்தது.

பரிசோதனைக் கூடத்தின் எல்லை

இந்தியாவில் விஷம் கண்டுபிடிப்பதற்கென்று முதல் ரசாயனப் பரிசோதகர் கூடம் 1849-ல் சென்னையில் ஏற்பட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் பிறகுதான். அதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஜேம்ஸ் மார்ஷ் என்பவர் பாஷாணத்தைக் கண்ணாடிக் குழாயில் கண்ணாடி போன்ற கறுப்புப் படிவமாகப் பிடித்துக் காட்டும் முறையை வெளியிட்டிருந்தார். அதன்பின் பாஷாணம் கொடுப்பவர்களுக்குத் தூக்கம் போயிற்று. அது தலைமுடியிலும் நகத்திலும் எலும்பிலும் தங்கிவிடும். புதைத்துப் பல காலம் ஆன பிறகும் தோண்டி எடுத்துச் சொல்லிவிடலாம்.

எல்லா விஷமும் இப்படி அகப்படுவதில்லை. சில உடம்பிலேயே கரைந்து மாறிவிடுகின்றன. சில, பிரேதம் அழுகும்போது போய்விடுகின்றன. மும்பையில் காலினாவில் உள்ள தடய அறிவியல் கூடத்தில் இன்று நுட்பமான கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் எதைத் தேட வேண்டும் என்று டாக்டரோ போலீசாரோ ஒரு குறிப்புக் கொடுத்தால்தான் தேடல் சரியான வழியில் போகும். குடல், ஈரல், சிறுநீரகம், ரத்தம், சிறுநீர் ஆகியவற்றைச் சரியான முறையில் எடுத்து, தனித்தனிச் சீசாக்களில் முத்திரையிட்டு, காலதாமதம் இல்லாமல் அனுப்பவும் வேண்டும். விஷம் இல்லை என்று வரும் அறிக்கைக்கு, விஷம் அகப்படவில்லை என்பதுதான் பொருள்.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

லட்சுமிபாய் வழக்கில் இந்த நுணுக்கம்தான் கடைசிவரை வாதாடப்பட்டது. பூனா செசன்ஸ் கோர்ட்டு டாக்டர் லாகுவுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பம்பாய் ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. 1959 டிசம்பர் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. 3 நீதிபதிகளில் 2 பேர் தண்டனையை உறுதி செய்தார்கள். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், பிற்காலத்தில் தலைமை நீதிபதியாகவும் துணை ஜனாதிபதியாகவும் இருந்த ஹிதாயதுல்லா. மூன்றாவது நீதிபதியான சர்க்கார் உடன்படவில்லை. இந்தச் சான்றுகள் போதா என்பது அவர் கருத்து.

பெரும்பான்மை நீதிபதிகள் பார்த்தது என்ன? நீரிழிவு மயக்கம்தான் சாவுக்குக் காரணம் என்பதை மருத்துவச் சாட்சியம் தாங்கவில்லை. பிறகு உடன் வந்தவரின் நடத்தை. தெரிந்த பெண்மணிக்கு ஏன் பொய்ப் பெயர்? பிரேதத்தை ஏன் அநாதையாக விட்டார்? உயிரோடு இருப்பதாக ஏன் கடிதங்கள்? நாடகமாடிச் சொத்தை எடுத்துக்கொண்டது எப்படி? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ரசாயனப் பரிசோதனையில் விஷம் தென்படாவிட்டாலும், விஷத்தால் நேர்ந்த சாவு என்று முடிவு செய்யலாம் என்றார்கள். விஷத்தைத் தெரிந்து கையாளக்கூடிய ஒரு டாக்டரே குற்றவாளி என்பதும் அவர்கள் மனத்தில் இருந்தது. இன்றுவரை விஷக் கொலை வழக்குகளில் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

இருந்தாலும் இது சுலபமாக எடுத்தாளக்கூடிய தீர்ப்பு அல்ல. 1984-ல் வேறு ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 4 கேள்விகளை முன்வைத்தது. கொல்ல நோக்கம் இருந்ததா? இறந்தது விஷத்தால்தானா? குற்றம் சாட்டப்பட்டவர் கையில் அந்த விஷம் இருந்ததா? கொடுக்க வாய்ப்பு இருந்ததா? சந்தேகத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வேலி இது.

வீட்டில் சொல்லப்படும் பொய்

லாகு சொன்னது கொலைகாரனின் பொய். ஆனால் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் நல்லவர்களும் பொய் சொல்கிறார்கள். வீட்டில் ஒரு பெண்ணோ பையனோ மனம் நொந்து எதையோ குடித்துவிட்டால், போலீசு கேஸ் ஆகிவிடும், அக்கம் பக்கத்தில் தலைகாட்ட முடியாது என்று பயந்து, வெறும் வயிற்று வலி என்கிறார்கள். பாட்டிலைச் சாக்கடையில் போட்டுவிட்டு வருகிறார்கள். டாக்டர் வயிற்று வலிக்கு வைத்தியம் பார்க்கிறார். மாற்று மருந்து கொடுக்க வேண்டிய நேரம் கடந்துபோகிறது.

இந்தப் பயத்துக்கு இன்று ஆதாரம் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் கிடைக்கச் செய்வது அரசாங்கத்தின் கடமை. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் அனுப்புவது வழக்கமான நடைமுறை. அதைக் கண்டு மிரள வேண்டாம். போலீசு வந்தால்தான் தொடுவோம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்ல முடியாது. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை என்று 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துச் சொல்லிவிட்டது.

எலி விஷப் பசை தின்றவர்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. முதல் நாள் கொஞ்சம் வாந்தி எடுத்துவிட்டுத் தெளிவாக உட்கார்ந்திருப்பார்கள். பிழைத்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகும், ஈரல் கெட்டிருக்கும். தெளிவாக இருக்கும் அந்த முதல் நாளிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். ஆசிட் திரும்பி வரும்போது தொண்டையை இரண்டாம் முறை வேகவைக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். பூச்சி மருந்து பட்ட துணியைக் களைந்து உடம்பை நன்றாகக் கழுவ வேண்டும். ஆம்புலன்சுக்கு மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் 108-ஐ அழைக்கலாம்.

டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் தேசிய விஷத் தகவல் மையம் இரவு பகலாக இயங்குகிறது. கட்டணம் இல்லாத தொலைபேசி எண் 1800 116 117. டாக்டர்களும் பொதுமக்களும் கேட்கலாம். என்ன பொருள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, நோயாளியின் வயது என்ன என்று விசாரிப்பார்கள். பாட்டிலோ மாத்திரை அட்டையோ கையில் இருந்தால் அதில் அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போக வேண்டும்.